யோகாவா, கவுன்சிலரா, ஷிஃப்ட் பட்டியலா?

ஓசூர் சிப்காட்டில் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில், பாதுகாப்புப் பிரிவில் இருக்கிறேன். இத்தனை வருஷமும் பிரஸ் மெஷின், ஃபோர்க்லிஃப்ட், கெமிக்கல் டிரம் என்றே ஓடியது. போன வருஷம் மேலிடத்திலிருந்து ஒரு மெயில்: தொழிலாளர் மனநலத்துக்கு ஏதாவது செய்யணும், மூன்று யோசனை இருக்கிறது, எது சரிப்படும் என்று சொல்லுங்கள்.

முதல் யோசனை யோகாவும் ஊக்கப் பேச்சும். ஜூன் 21 அன்று கேன்டீன் முன்னால் பாய் விரித்தோம். செலவு குறைவு, போட்டோ நன்றாக வரும். மூச்சுப் பயிற்சியை நான் குறை சொல்ல மாட்டேன், எனக்கே உதவியிருக்கிறது. ஆனால் நைட் ஷிஃப்ட் முடித்தவரை வீட்டுக்கு விடாமல் உட்காரவைத்து, மன அழுத்தத்தை வெல்வது எப்படி என்று பேசினால்? ஒருவர் சம்மணம் போட்டபடியே தூங்கிவிட்டார். அன்றைக்கு உருப்படியாக நடந்தது அந்தத் தூக்கம்தான்.

இரண்டாவது, வாரம் ஒருநாள் வரும் கவுன்சிலர். வந்த அம்மா நல்லவர், விஷயம் தெரிந்தவர். அவருக்கு நாங்கள் கொடுத்த அறைதான் கோளாறு. எச்.ஆர். கேபினை ஒட்டி, கண்ணாடிக் கதவு, எதிரே தண்ணீர் கேன். உள்ளே போனவர் யார் என்பது டீ டைமுக்குள் லைன் முழுக்கத் தெரிந்துவிடும். அப்புறம் யார் போவார்?

இதற்குப் பதிலாக 14416 போதாதா என்று மேலிடத்தில் கேட்டார்கள். 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநல உதவி போன் எண் அது. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம், கம்பெனிக்குத் தெரியாது. ரகசியம் என்று பார்த்தால் கண்ணாடிக் கதவைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் ஹாஸ்டலில் ஒரே அறையில் பல பேரோடு தங்கும் பெண் பிள்ளைகள் எங்கே போய் நின்று பேசுவார்கள்? மொட்டை மாடிக் கதவையும் வார்டன் எட்டு மணிக்கே பூட்டிவிடுகிறார். மருத்துவரையே பார்க்க வேண்டிய நிலை என்றால் கிருஷ்ணகிரி, தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. ஓசூர்க்காரர்களுக்கு சுமார் 40 கிலோமீட்டரில் பெங்களூருவின் பெரிய மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸ்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லிவிடுகிறேன். சூப்பர்வைசர் அத்துமீறுகிறார் என்று ஒரு பெண் வந்தால் அவரைக் கவுன்சிலரிடம் அனுப்பி ஆறுதல் சொல்ல வைப்பது தப்பு. அது பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013 சட்டப்படி உள்ளகப் புகார்க் குழுவுக்குப் போக வேண்டியது. பத்துப் பேர் வேலை செய்தாலே அந்தக் குழு இருந்தாக வேண்டும்.

மூன்றாவது யோசனை வேலை நேரத்தையும் ஷிஃப்ட் பட்டியலையும் சரிசெய்வது. இதில் போட்டோ எடுக்க எதுவும் இல்லை. அடுத்த வாரம் யாருக்கு எந்த ஷிஃப்ட் என்பது எங்கள் கம்பெனியில் சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு வாட்ஸ்அப்பில் வரும். காலை ஆறு மணி ஷிஃப்ட் என்றால் பாலக்கோட்டுக்காரர் நாலு மணிக்கெல்லாம் பஸ் ஏறணும். சனிக்கிழமை முழுக்க அந்த மெசேஜுக்காகவே போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒரு லைனில் மட்டும் மாற்றிப் பார்த்தோம்: பட்டியலை இரண்டு வாரம் முன்னாலேயே பலகையில் ஒட்டுவது, அவசரமாக மாற்றினால் அந்த ஆளிடம் நேரில் கேட்பது. முதல் பட்டியலைப் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்த ஒருவர் திரும்பிச் சொன்னார்: "சார், பாப்பாவுக்குக் காதுகுத்துத் தேதி குறிச்சிடலாம்."

இதிலும் சிக்கல் உண்டு. ஓ.டி.யைக் குறைக்கலாம் என்றதும் ஆட்களே எதிர்த்தார்கள். சீட்டு, வண்டி டியூ எல்லாம் ஓ.டி. பணத்தில்தான் ஓடுகிறது. 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதாவை 2023 ஏப்ரலில் சட்டமன்றத்தில் நிறைவேற்றிவிட்டு, எதிர்ப்பு வந்ததும் அரசு திரும்பப் பெற்றது. ஆனால் வீட்டுக் கணக்கு உதைக்கிறவர் தானாகவே 12 மணி நேரம் நிற்கிறார். அடிப்படைச் சம்பளத்தைத் தொடாமல் ஓ.டி.யை மட்டும் வெட்டினால் கவலை வேலையிடத்தை விட்டு வீட்டுக்குப் போகும், அவ்வளவுதான்.

பிரஸ் மெஷினில் கை மாட்டினால் முதலில் மெஷினுக்கு கார்டு, அதாவது கை உள்ளே போகாமல் தடுக்கும் மறைப்பு, போடுவோம், கையுறை அதற்கப்புறம். 2021-இல் வந்த ஐஎஸ்ஓ 45003 வழிகாட்டி மனநலத்துக்கும் அதே வரிசையைத்தான் சொல்கிறது. வேலைப்பளு, நேரம், மேலாளர் நடத்தும் விதம் இதையெல்லாம் முதலில் சரிசெய், தனி ஆளுக்குப் பயிற்சியும் ஆலோசனையும் அதோடு சேரட்டும். யோகா என் கணக்கில் கையுறை. கவுன்சிலர் முதலுதவிப் பெட்டி, கட்டாயம் வேண்டும். கார்டு என்றால் ஷிஃப்ட் பட்டியல்தான்.

அப்படியே எழுதி அனுப்பினேன். கவுன்சிலர் அறையை முதலுதவி அறைக்குள் மாற்றிவிட்டார்கள். தலைவலி மாத்திரைக்குப் போகிறவரும் இப்போது அதே கதவில்தான் நுழைகிறார். யோகா இப்போது பகல் நேர ஜெனரல் ஷிஃப்ட்டுக்கு மட்டும்தான். பட்டியல் மட்டும் இன்னும் அந்த ஒரு லைனைத் தாண்டவில்லை. அடுத்த லைன் சூப்பர்வைசரிடம் கேட்டால், "ரெண்டு வாரம் முன்னாடியே சொல்லிட்டா அப்புறம் எவன் சார் என் பேச்சைக் கேப்பான்" என்கிறார்.