நாலு மணிக் காப்பிக்கு எதைக் கொறிக்கலாம்? பாக்கெட் சிப்ஸ், நேந்திரங்காய், அப்பளம், வறுகடலை

எங்கள் வீட்டில் நாலு மணிக்குக் காப்பி. காப்பியோடு அப்பாவுக்குக் கொறிக்க ஏதாவது வேண்டும், அதுவும் கடித்தால் சத்தம் கேட்க வேண்டும். போன வருஷம் அவருக்கு ரத்த அழுத்தம் ஏறியபோது, உப்பையும் பொரித்ததையும் குறைக்கச் சொல்லிவிட்டார் டாக்டர். ஊறுகாயை விட்டார், கருவாட்டை விட்டார். சிப்ஸை விட மட்டும் அவருக்கு மனசு வரவில்லை. "மெத்துமெத்துன்னு இருக்க பிஸ்கட்ட எவன் திம்பான்?" என்றார். அதிலும் நியாயம் இருக்கிறது. அல்வாவைத் தின்று முடித்ததும் கை தானாக மிக்சரைத் தேடுகிற ஊர் இது. அதனால் சிப்ஸை நிறுத்துவதை விட்டுவிட்டு, இருப்பதில் எது தேவலை என்று பார்க்க ஆரம்பித்தேன்.

முதலில் ஒரு விஷயம் புரிந்தது. பச்சை உருளைக்கிழங்கில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர்தான். மெல்லிசாகச் சீவி எண்ணெயில் போட்டதும் அந்தத் தண்ணீர் ஆவியாகிறது. நாம் பார்க்கிற கொப்புளமும் கேட்கிற சத்தமும் அதுதான். தண்ணீர் வெளியேறியதால் சீவல் மொறுமொறுப்பாகிறது. அது விட்டுப்போன இடத்தில் எண்ணெய் ஏறிக்கொள்கிறது, அதிலும் பெரும்பகுதி வெளியே எடுத்து ஆறும்போதுதான் உள்ளே போகிறது. அதாவது மொறுமொறுப்பு வர ஈரம் போனால் போதும். எண்ணெய் கூடவே ஒட்டிக்கொண்டு வருவது. இதை மனசில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

பாக்கெட் உருளைக்கிழங்கு சிப்ஸ்: 100 கிராமில் சுமார் 540 கலோரி, அதில் கொழுப்பு மட்டும் 35 கிராம் போல. மூன்றில் ஒரு பங்கு எண்ணெயைத்தான் தின்கிறோம். பெரும்பாலும் பாமாயில் வகை. உப்பும் கணிசம்: 100 கிராமுக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் பல பாக்கெட்டுகளில் இருக்கிறது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கே 2000 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அப்புறம் அக்ரிலமைடு. மாவுச்சத்துள்ள கிழங்கை 120 டிகிரிக்கு மேல் சூடாக்கும்போது உண்டாகிற இந்தப் பொருள் உணவில் இருப்பதை 2002இல் சுவீடன்காரர்கள் கண்டு சொன்னார்கள். புற்றுநோய் வரவழைக்கக்கூடும் என்று சந்தேகிக்கப்படுகிற பொருள். நிறம் கறுக்கக் கறுக்க இதுவும் கூடும், அதனால் ஓரம் கருகிய துண்டுகளை எடுத்துப் போட்டுவிடலாம். வீட்டில் சிப்ஸ் போடுகிறவர்கள் கிழங்கைப் பிரிட்ஜில் வைக்கக் கூடாது. குளிரில் கிழங்கில் சர்க்கரை கூடி, பொரிக்கும்போது சீக்கிரம் சிவந்துவிடும். சீவியதைக் கொஞ்ச நேரம் தண்ணீரில் போட்டு அலசி, ஈரத்தைத் துடைத்துவிட்டுப் பொரிப்பது நல்லது.

நேந்திரங்காய் சிப்ஸ் மேல் எனக்குப் பிரியம் அதிகம், அதனாலேயே கொஞ்சம் கறாராகப் பார்த்தேன். தென்காசி, செங்கோட்டைப் பக்கமும் நாகர்கோவில் பக்கமும் மலையாளக் கைப்பக்குவம் ஒட்டிக்கொண்டதால் நமக்கு இது வேற்றூர்ப் பண்டமாகத் தோன்றுவதே இல்லை. நான் வாங்குகிற கடையில் அண்ணாச்சி தோல் உரித்த காயைச் சீவுகட்டையில் வைத்து நேராக எண்ணெய்க்கு மேலேயே சீவுவார். வில்லைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் மிதந்து வரும். முக்கால் பதம் வந்ததும் கிண்ணத்தில் கரைத்து வைத்திருக்கிற மஞ்சள் உப்புத் தண்ணீரைக் கரண்டியால் மொண்டு கொதிக்கிற எண்ணெயில் விடுவார். சடசடவென்று ஒரு பொங்கு பொங்கி அடங்கும். உப்பு எல்லா வில்லையிலும் ஒரே மாதிரி ஏறுவது இப்படித்தான். அந்தக் கரண்டியில் எவ்வளவு ஊற்றுகிறார் என்பது நம் கண்ணுக்குத் தெரியும். பாக்கெட்டில் அது தெரியாது.

"எண்ணெய் எப்ப ஊத்துனது அண்ணாச்சி?" என்று கேட்டேன். "காலைலதாம்மா. நேத்துள்ளதுல போட்டா காய் கறுத்துரும், வாங்க மாட்டாவ" என்றார். இந்தப் பதில் முக்கியம். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் சேர்கிற கழிவுப் பொருள் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2018 முதல் நாட்டில் விதியே இருக்கிறது. நமக்கு அளக்கக் கருவி இல்லை. ஆனால் எண்ணெய் கறுத்திருக்கிறதா, நுரை அடங்காமல் நிற்கிறதா, காய் போடும் முன்னாலேயே புகைகிறதா என்று பார்க்கலாம்.

சரி, இதனால் நேந்திரங்காய் உடம்புக்கு நல்லது என்று ஆகிவிடுமா? ஆகாது. கலோரியும் கொழுப்பும் உருளைக்கிழங்கு சிப்ஸுக்குப் பக்கத்தில்தான் நிற்கின்றன. இதைப் பொரிக்கிற தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு, அதாவது இதயத்துக்கு ஆகாத வகை. பாமாயிலில் அது பாதி. வாசனைக்காக மனசை ஏமாற்றிக்கொள்ள வேண்டாம். கண்முன்னே புது எண்ணெயில் போடுகிறார்கள், வேறு சேர்மானம் கிடையாது, அழுத்தமான வில்லை என்பதால் பத்துத் தின்றாலே வாய் ஓய்ந்துவிடும். இவ்வளவுதான் அதன் பலம். எனக்கு இதுவே பாக்கெட்டை விட மேல். மரச்சீனிக் கிழங்கு சிப்ஸில் மாவுச்சத்தும் எண்ணெயும் தவிரச் சொல்ல ஒன்றும் இல்லை.

அடுத்து, என்னை ஏமாற்றிய பண்டம். 'பொரிக்காதது, பல தானியம்' என்று முன்பக்கம் பெரிதாக எழுதியிருந்த பாக்கெட் ஒன்றை அப்பாவுக்கென்றே கூடுதல் விலை கொடுத்து வாங்கி வந்தேன். வீட்டுக்கு வந்து பின்பக்கத்தைப் படித்தால் அரிசி மாவு, சோள மாவு, எண்ணெய், சர்க்கரை என்று வரிசை போய், கேழ்வரகு கடைசிக்குப் பக்கத்தில் நின்றது. எடை அதிகமான பொருளை முதலில் எழுத வேண்டும் என்பது விதி. கொழுப்பு குறைவுதான், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சோடியம் சாதாரண சிப்ஸை விட அதிகம். ரத்த அழுத்தக்காரருக்கு வாங்கியது இது! வயிறு எரிந்தது.

கல்லிடைக்குறிச்சி அப்பளத்தைத் தணலில் சுட்டால் எண்ணெயே வேண்டாம். உளுந்து மாவு, புள்ளி புள்ளியாகப் பொங்கி, ஒடித்தால் நொறுங்கும். நான் இதுதான் ஜெயிக்கும் என்று நினைத்திருந்தேன். ஆனால் உப்போடு அப்பளக்காரமும் சோடியம்தான். எடைக்கு எடை பார்த்தால் சிப்ஸை விட அப்பளத்தில்தான் சோடியம் அதிகம். எடை குறைக்க நினைக்கிறவர்களுக்கு ஒன்றிரண்டு சுட்ட அப்பளம் அருமை, அப்பாவுக்கு ஆகாது.

வறுகடலைக்கு வருகிறேன். தள்ளுவண்டியில் இரும்புச் சட்டி, அதில் கொதிக்கிற மணல். கடலையைப் போட்டுப் புரட்டி, அரிப்பில் அள்ளி ஒரு உலுக்கு உலுக்கினால் மணல் கீழே, கடலை மேலே. ஈரம் போகிறது, அந்த இடத்துக்கு எண்ணெய் வருவதில்லை. வறுத்த கொண்டைக்கடலை 100 கிராமில் புரதம் 20 கிராம் போல, கொழுப்பு ஐந்தாறு கிராம்தான். தோலோடு தின்றால் நார்ச்சத்தும் சேரும். உப்புப் போடாததாகக் கேட்டு வாங்க வேண்டும். நிலக்கடலையில் கொழுப்பு 40 கிராமுக்கு மேல், ஆனால் பெரும்பாலும் நல்ல வகை, புரதமும் அதிகம். ஓடியாடுகிற பிள்ளைகளுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். அரிசிப் பொரியில் எண்ணெய் இல்லை, ஆனால் ரத்தத்தில் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றிவிடும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் பொரியைக் குறைத்துக் கடலையைக் கூட்டிக்கொள்வது நல்லது. இப்போது எல்லோரும் சொல்கிற மக்கானா பீகார் சரக்கு, தாமரை விதை என்று விற்றாலும் அல்லிக் குடும்பத்துச் செடி. நல்லதுதான், ஆனால் அந்தக் காசுக்கு எவ்வளவு கடலை வாங்கலாம்!

எங்கள் வீட்டில் இப்போது திங்கள் முதல் வெள்ளி வரை உப்பில்லாத வறுகடலை, கூடவே பொடியாக நறுக்கிய மாங்காயோ வெங்காயமோ, மேலே மிளகுத்தூள். முதல் வாரம் அப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். மிளகு சேர்ந்தபிறகு உப்பு எங்கே என்று கேட்கவில்லை. சனிக்கிழமை நேந்திரங்காய் 100 கிராம், நாலு பேருக்கு. பொட்டலத்தைப் பிரித்ததும் நாலு கிண்ணத்தில் பங்கு போட்டுவிடுகிறேன். பொட்டலத்தோடு வைத்தால் கணக்கு நிற்காது. போன சனிக்கிழமை அப்பாவே கடைக்குப் போய், உப்புத் தண்ணீர் விடும் முன்னால் ஒரு கை அள்ளித் தரச் சொல்லி வாங்கி வந்திருந்தார்.