ராப்டருக்கு எக்ஸாஸ்ட் மாற்றும் முன் டைனோ தாளின் ஓரத்தைப் படியுங்கள்

ஹூஸ்டன், கேட்டி, சுகர்லேண்ட் பக்கம் ஃபோர்டு ராப்டர், ராம் டிஆர்எக்ஸ் போன்ற வேக பிக்கப் வைத்திருக்கும் நம் ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். இங்கே ஒரு எக்ஸாஸ்ட் (புகைக்குழாய்) கடை என்னிடம் 3,800 டாலர் வாங்கிக்கொண்டு, சத்தத்தைக் கூட்டிவிட்டு அதையே சக்தி என்று விற்றது. போதாததற்கு, சட்டப்படி வண்டியில் இருந்தே ஆக வேண்டிய இரண்டு பாகங்களையும் கழற்றி வைத்துக்கொண்டது. விவகாரம் நீதிமன்றம் வரை போகிறது, அதனால் கடையின் பெயரைப் போடவில்லை. அவர்கள் செய்த வேலையை மட்டும் விவரமாகச் சொல்கிறேன். இதே வித்தையை எந்தக் கடையும் செய்யலாம்.

என்னுடையது 2019 ராப்டர். 3.5 லிட்டர், ஆறு சிலிண்டர், இரட்டை டர்போ. கம்பெனி கணக்கில் 450 குதிரைத்திறன், 510 பவுண்டு-அடி டார்க் (முறுக்கு விசை). இதற்கு முந்தைய தலைமுறை ராப்டரில் இருந்த 6.2 லிட்டர் வி8 இன்ஜினுக்கு 411 குதிரைத்திறன், 434 பவுண்டு-அடிதான். எண்ணில் புதியது முன்னே நிற்கிறது. காதுக்குப் பழையதுதான் இனிமை, இதை ராப்டர் ஓட்டிய யாரும் மறுக்க மாட்டார்கள். டர்போ உள்ள இன்ஜினில் எரிந்த வாயு நேராக வெளியே வருவதில்லை. டர்பைன் சக்கரத்தைச் சுற்றிவிட்டுத்தான் வருகிறது, அங்கேயே அதன் அதிர்வில் பெரும்பகுதி மழுங்கிவிடுகிறது. வி8-இன் அடித்தொண்டை உறுமல் ஆறு சிலிண்டருக்கு வராது. இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய வண்டி கொஞ்சம் கம்பீரமாகக் குரல் கொடுக்க வேண்டும் என்று ஆசைப்படுவது நியாயமான ஆசை. இந்த ஆசையை நம்பித்தான் கடைகள் பிழைக்கின்றன. நேர்மையாகப் பிழைக்கிற கடைகளும் உண்டு.

கடைக்காரர் சொன்னது இது: "டர்போவுக்குப் பின்னால் எல்லாவற்றையும் திறந்துவிட்டால் இருபது குதிரை நிச்சயம். டைனோவில் ஏற்றி, முன்னும் பின்னும் அளந்து தாளிலேயே கொடுக்கிறேன்." டைனோ என்பது வண்டியின் சக்தியைச் சக்கரத்தில் அளக்கும் இயந்திரம். புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் பின்னால் கடைசி வரை புதுக் குழாயும் சத்தத்தை அடக்கும் மஃப்ளரும், அதுவும் 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில். டர்போவிலிருந்து இறங்கும் இரண்டு டவுன்பைப்புகளுக்குப் பதிலாக, கன்வெர்ட்டரோடு சேர்ந்த "ஹை ஃப்ளோ" (வாயு எளிதாகப் போகும்) டவுன்பைப்புகள். பில்லிலும் இப்படியேதான் எழுதியிருக்கிறது. அந்தப் பில் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

வேலை முடிந்ததும் இரண்டு தாள்களைக் கையில் கொடுத்தார். முன்பு சக்கரத்தில் 352 குதிரைத்திறன், இப்போது 374. இருபத்திரண்டு கூடியிருக்கிறது. கடை வாசலில் வண்டியை நிறுத்தி 4,000 ஆர்பிஎம் வரை முறுக்கிக் காட்டினார். சத்தம் நிஜமாகவே நன்றாக இருந்தது.

இந்தத் தாளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏமாற்று இங்கேதான் ஆரம்பிக்கிறது. டைனோ இயந்திரம் அளந்த எண்ணை அப்படியே அச்சிடுவதில்லை. அன்றைய வெப்பம், காற்றழுத்தம், ஈரப்பதம் இவற்றை வைத்து ஒரு திருத்தக் கணக்குப் போட்டுத்தான் அச்சிடுகிறது. அந்தத் திருத்தம் ஒன்றுக்கு மேற்பட்டது உண்டு. எஸ்.ஏ.இ. (வாகனப் பொறியாளர் சங்கம்) திருத்தம் 25 டிகிரி செல்சியஸையும் 99 கிலோபாஸ்கல் அழுத்தத்தையும் அடிப்படையாகக் கொண்டது. எஸ்.டி.டி. என்று அச்சாகும் பழைய திருத்தம் சுமார் 15.5 டிகிரி குளிர்ந்த காற்றையும் கூடுதல் அழுத்தத்தையும் வைத்துக் கணக்கிடுகிறது. அதனால் அதே வண்டி, அதே ஓட்டம், ஆனாலும் எஸ்.டி.டி.-யில் ஏறக்குறைய 4 சதவீதம் கூடுதலாகக் காட்டும். என் தாள்களின் ஓரத்தில், பொடி எழுத்தில், முதல் தாளில் எஸ்.ஏ.இ. என்றும் இரண்டாவது தாளில் எஸ்.டி.டி. என்றும் இருந்தது. 374-ஐ எஸ்.ஏ.இ. கணக்குக்குக் கொண்டுவந்தால் 360-க்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. இருபத்திரண்டில் பதினான்கு வெறும் அச்சில் கூடியது.

மீதி எட்டு? முதல் ஓட்டத்தை, ஹூஸ்டன் வெயிலில் நெடுஞ்சாலையில் வந்து இறங்கிய சூட்டோடு, வண்டியை ஆற விடாமல் எடுத்தார்கள். இரண்டாவது ஓட்டம் இரவெல்லாம் கடைக்குள் நின்று குளிர்ந்த வண்டியில், முன்னால் பெரிய விசிறி வைத்து எடுத்தது. டர்போ வண்டியில், அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் சூடேறிவிட்டால் உள்ளே போகும் காற்றின் அடர்த்தி குறையும், இன்ஜினைக் காப்பாற்ற கம்ப்யூட்டர் தீப்பொறி நேரத்தையும் பின்னுக்குத் தள்ளும். எட்டு என்ன, அதற்கு மேலேயும் அதிலேயே வித்தியாசம் வரும்.

பிறகு வேறொரு டைனோவில் நானே பணம் கட்டிச் சரிபார்த்தேன். ஒரே நாள், ஒரே எஸ்.ஏ.இ. திருத்தம், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நடுவே ஒரே அளவு ஓய்வு, விகிதம் ஒன்றுக்கு ஒன்றாக இருக்கும் ஏழாவது கியரில் பூட்டி. கம்பெனி மஃப்ளரோடும் கடையின் மஃப்ளரோடும் மாற்றி மாற்றி ஓட்டியதில் வித்தியாசம் 4 குதிரைத்திறன். எதையும் மாற்றாமல் அடுத்தடுத்து எடுத்த இரண்டு ஓட்டங்களுக்கு நடுவிலேயே 3 வித்தியாசம் வந்தது. அந்த 4-க்கு என்ன அர்த்தம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

இதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. இந்த இன்ஜினில் வாயுவுக்கு முதல் பெரிய தடை டர்போ, அடுத்தது கன்வெர்ட்டர். மஃப்ளர் கடைசியில்தான் வருகிறது, அதையும் ஃபோர்டு கம்பெனி தாராளமான விட்டத்தில்தான் போட்டிருக்கிறது. அதோடு, இன்றைய எகோபூஸ்ட் (ஃபோர்டின் டர்போ ரகம்) இன்ஜினின் கம்ப்யூட்டர் இவ்வளவு டார்க் வேண்டும் என்று முதலில் தீர்மானித்து, அதற்கேற்ப டர்போ அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட்டையும், காற்றை உள்ளே விடும் திராட்டிலையும் இயக்குகிறது. பின்னால் குழாயைத் திறந்துவிட்டாலும் கம்ப்யூட்டரின் ட்யூனை (அமைப்பு நிரலை) தொடாதவரை அது தன் இலக்கிலேயே நிற்கப் பார்க்கும். இதற்கு ஃபோர்டே நல்ல சாட்சி. 2021 ராப்டரில் சத்தத்துக்காகவே எக்ஸாஸ்டைப் புதிதாக வடிவமைத்தார்கள்: இரண்டு பக்கமும் சம நீளக் குழாய்கள், வளைத்து எடுத்த குழாய், நடுவில் திறந்து மூடும் வால்வு. குரல் நன்றாகவே மாறியது. குதிரைத்திறன் அதே 450, டார்க் அதே 510. டர்போ இல்லாமல் இயற்கையாகக் காற்று இழுக்கும் வி8-இல், இன்ஜினிலிருந்து வாயுவை எடுத்துவரும் நல்ல ஹெடர் குழாய்கள் போட்டால் கதை வேறு, அங்கே குழாயின் நீளத்துக்கும் விட்டத்துக்கும் உண்மையான வேலை இருக்கிறது. அந்த அனுபவத்தை எடுத்து டர்போ வண்டிக்காரரிடம் விற்பதுதான் தவறு.

அப்புறம் சத்தம். வாசலில் முறுக்கிக் காட்டிய சத்தம் வேறு, சான் அன்டோனியோவுக்கு ஐ-10 நெடுஞ்சாலையில் போகும்போது வந்த சத்தம் வேறு. 70 மைல் வேகத்தில் பத்தாவது கியரில் இந்த வண்டி கிட்டத்தட்ட 1,800 ஆர்பிஎம்-இல் ஓடும். ஆறு சிலிண்டரில் ஒரு சுற்றுக்கு மூன்று வெடிப்பு, ஆக நொடிக்கு 90 அதிர்வு. மூடிய கேபினுக்குள் இந்தத் தாழ்ந்த அலை போய் மாட்டிக்கொண்டால் காதில் கேட்பதை விட மண்டைக்குள்தான் அதிகம் உணர்வோம். வண்டு குடைகிற மாதிரி. ட்ரோன் என்று சொல்வார்களே, அதுதான். ஊரிலிருந்து வந்திருந்த என் அப்பா, வழியில் உள்ள கொலம்பஸ் ஊரைத் தாண்டுவதற்குள், "தம்பி, கொஞ்சம் ஓரமா நிறுத்துப்பா, தலை வலிக்குது" என்று சொல்லிவிட்டார். பின்சீட்டில் என் மகள் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இதற்கு வைத்தியம் இல்லாமல் இல்லை. ஒரு முனை அடைத்த பக்கக் குழாய் ஒன்றை, அந்த அலையின் கால் நீளத்துக்கு வெட்டி இணைத்தால் உள்ளே போன அலை எதிர் அலையாகத் திரும்பி வந்து மூல அலையை அடக்கிவிடும். சூடான எக்ஸாஸ்ட் வாயுவில் 90 அதிர்வுக்கு ஒரு மீட்டருக்கும் மேல் நீளம் வேண்டும். நல்ல தயாரிப்பாளர்கள் தங்கள் மஃப்ளருக்குள்ளேயே இதற்கு வழி செய்திருக்கிறார்கள். எனக்குப் போட்டது துளையிட்ட குழாயைச் சுற்றிப் பஞ்சு அடைத்த நேர்வழி மஃப்ளர், வழியில் இப்படி அலையை அடக்கும் ரெசனேட்டர் எதுவும் இல்லை. கேட்டபோது "செயல்திறன் வண்டி என்றால் அப்படித்தான்" என்றார்கள். இல்லை. அது வடிவமைப்புக் குறை.

இதுவரை சொன்னது பணத்தோடு போகிற நஷ்டம். இனி சொல்லப் போவது அப்படியல்ல.

சில வாரம் கழித்து செக் இன்ஜின் விளக்கு எரிந்தது. பி 0420, பி 0430, இரண்டு பிழைக் குறியீடுகளும் வந்தன. இரண்டு பக்கக் கன்வெர்ட்டரும் சரியாக வேலை செய்யவில்லை என்று அர்த்தம். ஃபோர்ட் பெண்ட் கவுண்டியில் ஆண்டுதோறும் புகைப் பரிசோதனை உண்டு, அதில் வண்டி தோற்றது. வேறொரு மெக்கானிக் சென்சார் துளை வழியாகக் கேமரா விட்டுப் பார்த்து என்னிடம் காட்டினார். வெளியே கன்வெர்ட்டர் மாதிரியே வீங்கிய உருளை, உள்ளே புகையைச் சுத்திகரிக்கும் தேன்கூடு போன்ற பகுதி எதுவுமே இல்லை, வெறும் காலிக் குழாய். பின்பக்க ஆக்சிஜன் சென்சாரை ஒரு சிறிய இரும்புத் துண்டின் மேல் உயர்த்தி மாட்டியிருந்தார்கள். கன்வெர்ட்டருக்கு முன்னும் பின்னும் இருக்கும் சென்சார்களை ஒப்பிட்டுத்தான் கம்ப்யூட்டர் தீர்ப்புச் சொல்கிறது. பின் சென்சாரை வாயு ஓட்டத்திலிருந்து விலக்கி வைத்தால் கொஞ்ச காலம் எல்லாம் சரி என்று நினைத்துக்கொள்ளும். தெரிந்தே செய்த வேலை இது.

என் பழைய மஃப்ளரையும் வால் குழாயையும் வண்டியின் பின்தட்டில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். கன்வெர்ட்டர் இருந்த டவுன்பைப்புகள் மட்டும் வரவில்லை. கேட்டதற்கு "பழைய இரும்பு, வீசிவிட்டோம்" என்று பதில். கன்வெர்ட்டருக்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருக்கிறது. இதற்காகவே வண்டிக்கடியில் புகுந்து அறுத்துக்கொண்டு போகிறார்கள். 2022-ல் ஹூஸ்டனில் இப்படித் திருடியவர்களைத் தடுக்கப் போன ஹாரிஸ் கவுண்டி துணை ஷெரீஃப் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார், அடுத்த ஆண்டே டெக்சாஸ் இதற்கென்று சட்டத்தைக் கடுமையாக்கியது. அந்தப் பொருளை எந்தக் கடையும் வீசியெறியாது.

இன்னொரு வேதனை, கூட்டரசுச் சட்டப்படி கன்வெர்ட்டருக்கு 8 ஆண்டு அல்லது 80,000 மைல் உத்தரவாதம் உண்டு. என் வண்டி இரண்டையும் தொடவில்லை. உத்தரவாதத்தில் இருந்த, நன்றாக வேலை செய்துகொண்டிருந்த கன்வெர்ட்டரை வெளிக்கடை மாற்றுவதையே அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அனுமதிப்பதில்லை. கழற்றிவிட்டுக் காலிக் குழாய் வைப்பது தூய காற்றுச் சட்டத்தை நேரடியாக மீறுவது. பாகமே வண்டியில் இல்லை என்றால் உத்தரவாதம் கேட்டு டீலரிடம் போகவும் முடியாது. புதுக் கம்பெனிக் கன்வெர்ட்டர்கள் இரண்டுக்கும் சேர்த்து, அந்தக் கடைக்குக் கொடுத்ததில் பாதிக்கு மேல் மறுபடி செலவானது.

மஃப்ளரை மட்டும் மாற்றினால் வண்டியின் முழு உத்தரவாதமும் போய்விடும் என்று சிலர் பயமுறுத்துவார்கள், அதை நம்ப வேண்டாம். 1975-ன் மேக்னசன்-மாஸ் சட்டப்படி, மாற்றிய பாகம்தான் பழுதுக்குக் காரணம் என்று கம்பெனி காட்ட வேண்டும். கன்வெர்ட்டருக்குப் பின்னால் மாற்றுவது ஒரு ரகம், அதற்கு முன்னால் கை வைப்பது வேறு ரகம்.

குழாயும் 304 இல்லை. காந்தத்தை வைத்ததும் நேரான பகுதிகளிலேயே பச்சென்று ஒட்டிக்கொண்டது. அது 409 ரகம். கம்பெனிகளே எக்ஸாஸ்டுக்குப் பயன்படுத்தும் ஸ்டீல்தான், மோசமில்லை, ஆனால் விலை குறைவு. 304-இல் காந்தம் அநேகமாக ஒட்டாது, வெல்டிங் ஓரத்தில் வேண்டுமானால் லேசாக இழுக்கும்.

எக்ஸாஸ்ட் மாற்றுங்கள், தடுக்கவில்லை. கடையில் பணம் கட்டுமுன் மாற்றப்போகும் பாகத்தின் எண்ணைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். கழற்றுகிற ஒவ்வொரு துண்டும் உங்கள் கைக்குத் திரும்ப வரும் என்று எழுத்தில் வாங்குங்கள். டவுன்பைப் என்ற சொல் வந்தாலே கலிபோர்னியா காற்று வள வாரியத்தின் அனுமதி எண் இருக்கிறதா என்று கேளுங்கள், நீங்கள் டெக்சாஸில் இருந்தாலும் கேளுங்கள். இல்லையென்றால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். டைனோ தாள் தந்தால் இரண்டிலும் திருத்தம் ஒன்றுதானா, உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலை எவ்வளவு என்று பாருங்கள். எல்லாவற்றையும் விட முக்கியம், அதே எக்ஸாஸ்ட் போட்ட இன்னொருவரின் வண்டியில் உட்கார்ந்து நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் போய்ப் பாருங்கள். வாசலில் முறுக்கிக் காட்டுவதை வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

இப்போதைய நிலை: டெக்சாஸ் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 60 நாள் எழுத்து நோட்டீஸ் அனுப்பிவிட்டேன், மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்திலும் புகார் கொடுத்திருக்கிறேன். கெடு முடிந்தால் ஜஸ்டிஸ் நீதிமன்றம், அங்கே 20,000 டாலர் வரை வழக்கறிஞர் இல்லாமலே வழக்குப் போடலாம். இந்தப் பக்கம் எந்தக் கடையிலாவது "ஹை ஃப்ளோ" டவுன்பைப் போட்டிருந்தால், வண்டியைத் தூக்கிப் பின் ஆக்சிஜன் சென்சாருக்கு அடியில் கூடுதலாக ஒரு இரும்புத் துண்டு இருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள். இருந்தால் படம் எடுத்துக்கொண்டு, பில்லோடு எனக்குத் தனிச் செய்தி அனுப்புங்கள். ஒரே கடை என்று தெரிந்தால் சேர்ந்தே புகார் கொடுக்கலாம்.