புது ரவுட்டர் என்று கொடுத்தார்கள், உள்ளே வேறொரு வீட்டின் வைஃபை இருந்தது

புதிதாக இணைய இணைப்பு வாங்கப்போகிறவர்களும், ரவுட்டரை மாற்றித் தருகிறோம் என்று கம்பெனி சொன்னதை நம்பிக் காத்திருப்பவர்களும் இதைப் படித்துவிடுங்கள். ஒரே மாதத்தில் மூன்று ரவுட்டர் மாறி, வேலையும் தூக்கமும் கெட்ட பிறகு எழுதுகிறேன்.

முதல் ரவுட்டர் பெட்டியோடுதான் வந்தது. பெட்டியில் ஒட்டியிருந்த டேப்புக்கு அடியில் இன்னொரு டேப்பைக் கிழித்த தடம் இருந்தது. அன்றைக்கு அது எனக்கு உறைக்கவில்லை. பகலெல்லாம் ஒழுங்காக ஓடும். சாயங்காலம் வீட்டில் எல்லோரும் இணையத்தில் இருக்கும்போது விளக்குகள் மொத்தமாக அணைந்து, மறுபடி தானாக எரியும். ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை. கஸ்டமர் கேரில் எப்போது கேட்டாலும், "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்." அப்புறம், "உங்க வீட்ல போன், டிவியெல்லாம் அதிகமா கனெக்ட் ஆயிருக்கு." ஒரு வாரம் இப்படியே போனது. கடைசியில் நானே ரவுட்டரைத் திருப்பிப் பார்த்தேன். அடி ஸ்டிக்கரில் 12 வோல்ட், 1.5 ஆம்பியர். கூட வந்த அடாப்டரில் 12 வோல்ட், 1 ஆம்பியர். வேறு ஏதோ ரவுட்டருடைய அடாப்டரைப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்! வோல்ட் ஒன்றாக இருப்பதால் ரவுட்டர் ஆன் ஆகிவிடும். வேலை கூடும் நேரத்தில் மின்சாரம் போதாமல் விழுந்து எழும்.

சண்டை போட்டு வாங்கிய இரண்டாவது ரவுட்டரைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். "புத்தம் புதுசு சார்" என்று சொல்லித்தான் டெக்னீஷியன் வைத்தார். அடியில் நான்கு ரப்பர் கால்களில் ஒன்றைக் காணோம். காற்றுத் துளைகளில் தூசு. சுவரில் மாட்டும் ஓட்டையைச் சுற்றி ஆணி உரசிய கோடுகள். கேட்டால், "ஸ்டாக்ல கிடந்தது சார், தூசி படிஞ்சிருக்கும்" என்றார். தூசி படியலாம், ஆணித் தடம் எப்படி வரும்? அவர் லேப்டாப்பில் கேபிளைச் செருகி, நெட் வருகிறது என்று காட்டிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

போனில் வைஃபை தேடினேன். ஸ்டிக்கரில் அச்சிட்டிருந்த பெயர் வரவில்லை, யாரோ ஒரு குடும்பத்தின் பெயர் வந்தது. கேபிளைச் செருகி, ரவுட்டரின் அமைப்புகளை மாற்றும் 192.168.1.1 பக்கத்தைத் திறந்தால், ஸ்டிக்கரில் இருந்த பாஸ்வேர்டுக்கே திறந்துகொண்டது. அந்த வீட்டின் வைஃபை பாஸ்வேர்ட் புள்ளி புள்ளியாக இருந்தது. பக்கத்தில் இருந்த கண் படத்தைத் தட்டியதும் முழுசாகத் தெரிந்தது. கீழே அவர்கள் வைத்திருந்த பெயர்கள்: 'அப்பா போன்', 'ஹால் டிவி', 'பாப்பா டேப்'. பாப்பா டேப்புக்கு இரவு 9 மணிக்கு இணையம் நிற்கும்படி வைத்திருந்தார்கள்.

முன்பின் தெரியாதவர்கள் வீட்டு ஜன்னலில் எட்டிப் பார்த்ததுபோல் ஆகிவிட்டது. பக்கத்தை மூடிவிட்டேன். அடுத்த நிமிடமே வேறொன்று தோன்றி வயிற்றைக் கலக்கியது. நான் திருப்பிக் கொடுத்த முதல் ரவுட்டர் இப்போது யார் வீட்டில் இருக்கிறது?

மூன்றாவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நான் பணம் கட்டுவது 300 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு. கேபிளில் செருகினால் 94-ஐத் தாண்டவில்லை. அதில் கேபிள் செருகும் போர்ட்டுகளே 100 வரைதான் தாங்கும். பழைய மாடலைத் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

பழுது பார்த்த ரவுட்டரைக் கொடுப்பதே குற்றம் என்று நான் சொல்லவில்லை. நன்றாகச் சோதித்து, பழைய விவரங்களை அழித்து, 'இது பழுது பார்த்தது' என்று சொல்லிக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம். புதுசு என்று பொய் சொல்வதும், இன்னொரு வீட்டு விவரங்களோடு கொடுப்பதும்தான் அநியாயம். முன்பு வைத்திருந்தவர் டிஎன்எஸ் அமைப்பை (எந்தத் தளம் எந்த முகவரியில் இருக்கிறது என்று காட்டுவது) மாற்றியிருந்தாலோ, வெளியிலிருந்து இணையம் வழியாக உள்ளே வரும் பாதை எதையாவது திறந்து விட்டிருந்தாலோ, அந்த ஆபத்து அப்படியே உங்கள் வீட்டுக்கு வரும்.

அதனால் டெக்னீஷியன் வாசலைத் தாண்டுவதற்குள் ரவுட்டரைத் திருப்பிப் பாருங்கள். அடாப்டரின் வோல்ட்டும் ஆம்பியரும் ஸ்டிக்கரோடு பொருந்த வேண்டும். ரவுட்டரில் உள்ள சீரியல் எண்ணும் பெட்டியில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டையும் போட்டோ எடுத்து வையுங்கள். வேகத்தைக் கேபிளில் அவர் முன்னாலேயே சோதியுங்கள். பழைய விவரம் ஏதாவது தெரிந்தால், ரீசெட் செய்து புதிதாக அமைத்துத் தரச் சொல்லுங்கள். அவர் போன பிறகு நீங்களாக ரீசெட் அழுத்த வேண்டாம். இணைப்புக்கான யூசர்நேமும் பாஸ்வேர்டும் கையில் இல்லாவிட்டால் நெட்டே நின்றுவிடும்.

திருப்பிக் கொடுக்கும் ரவுட்டருக்கு நேர்மாறு. புதியது ஓட ஆரம்பித்ததும், பழையதன் ரீசெட் ஓட்டையில் ஊசியை வைத்து, விளக்குகள் எல்லாம் அணைந்து எரியும்வரை அழுத்திப் பிடியுங்கள். அதைச் செய்யாமல் ரவுட்டரைத் திருப்பிக் கொடுக்காதீர்கள். நான் இதைச் செய்யவில்லை. என் வைஃபை பாஸ்வேர்டையே வேறு இரண்டு இடங்களிலும் வைத்திருந்தேன், எல்லாவற்றையும் அன்று இரவே உட்கார்ந்து மாற்றினேன்.

முதல் ரவுட்டரில் இருந்த என் விவரங்களை அழித்துவிட்டோம் என்று போனில் சொன்னார்கள். அதை எழுத்தில் கொடுங்கள் என்று கேட்டு 12 நாள் ஆகிறது. இன்னும் பதில் வரவில்லை.