டிரை ரீஸ்லிங் எத்தனை வருடம் தாங்கும்? வைத்திருந்து குடித்த அனுபவம்

வெள்ளை ஒயினை வாங்கிய ஓரிரு வருடத்தில் குடித்துவிட வேண்டும், வைத்திருந்து குடிக்கச் சிவப்புதான் சரி என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். ரீஸ்லிங் என்ற வெள்ளைத் திராட்சையின் ஒயினில் பழக்கம் உள்ளவர்கள்கூட, "ஜெர்மனியின் இனிப்பு ரீஸ்லிங் பல வருடம் நிற்கும், டிரை (இனிப்பில்லாதது) நிற்காது" என்பார்கள். நான் இருப்பது ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில். கிளேர் பள்ளத்தாக்கும் ஈடன் பள்ளத்தாக்கும் காரில் போய்வரும் தூரம். அங்கே விளையும் டிரை ரீஸ்லிங்கை வருடாவருடம் வாங்கி, கொஞ்சத்தை உடனே குடித்து, மீதியை ஒதுக்கி வைப்பது பல வருடப் பழக்கம். நல்ல விளைச்சல் வருடத்து டிரை ரீஸ்லிங் பத்து வருடம் தாராளமாகத் தாங்கும் என்று தயங்காமல் சொல்வேன். தாங்குவதோடு நிற்காமல் வேறொரு ஒயினாகவே ஆகிவிடும்.

இதற்குக் காரணம் புளிப்பு. கிளேர் ரீஸ்லிங்கின் பிஎச் (இந்த எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) பெரும்பாலும் 3-ஐ ஒட்டியே இருக்கும். அந்த அளவு அமிலம் இருந்தால் ஒயின் சுலபத்தில் கெடாது. சர்க்கரை ஓர் உபரிப் பாதுகாப்புதான், அது இல்லாமலும் காரியம் நடக்கும். பிரான்சின் அல்சாஸில் திரிம்பாக் குடும்பத்தார் செய்யும் க்ளோ செந்த் யூன் முழுக்க டிரை. அதைச் சில வருடம் தங்கள் நிலவறையிலேயே வைத்திருந்து, அப்புறம்தான் விற்பனைக்கு விடுகிறார்கள். ஈடன் பள்ளத்தாக்கின் பியூசி வேல் தோட்டத்து 'தி கான்டூர்ஸ்' ஒயினும் அப்படித்தான், ஐந்து வருடம் போல வைத்திருந்துதான் கடைக்கு வரும். காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்கள் அதிலிருந்து தொடங்கலாம். வேலையை அவர்களே பாதி முடித்துக் கொடுத்துவிடுகிறார்கள்.

புதிதாகத் திறந்தால் எலுமிச்சை, பச்சை ஆப்பிள், லேசான பூ வாசம், பல் கூசும் புளிப்பு. எனக்கு அதுவும் பிடிக்கும். நான்காம் வருடத்திலிருந்து ஆறாம் வருடம் வரை பெரும்பாலான பாட்டில்கள் வாயை மூடிக்கொள்ளும். பழ வாசனை போயிருக்கும், முதிர்ந்த வாசனை வந்திருக்காது. பலர் இந்தக் கட்டத்தில் திறந்து, "செத்துப்போச்சு" என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். சாகவில்லை, விட்டுவிடுங்கள். எட்டாம் வருடம் போல மறுபடி பேச ஆரம்பிக்கும்.

கிளேர் தயாரிப்பாளர் குரோசெட்டின் 'போலிஷ் ஹில்' 2012 பாட்டில் ஒன்றை அண்மையில் திறந்தேன். முன்பு தண்ணீர்போல் வெளிறி, ஓரத்தில் பச்சை தெரிந்த நிறம் இப்போது வைக்கோல் மஞ்சளாகியிருந்தது. முதல் மோப்பத்தில் வாட்டிய ரொட்டி, வெண்ணெய். இந்த ஒயின் மரப்பீப்பாயைப் பார்த்ததே இல்லை, அந்த ரொட்டி வாசம் முழுக்கப் பாட்டிலுக்குள் உண்டானது. அரைமணி நேரம் கிளாஸில் இருந்தபின் தேனும், தோலோடு காய்ச்சிய எலுமிச்சை ஜாமின் மணமும் எழுந்தன. வாயில் வைத்தால் அதே பழைய புளிப்பு, ஆனால் விளிம்பு மழுங்கி உருண்டையாக. மீதியை ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் குடித்தேன், இன்னும் நன்றாக இருந்தது. 2012 அந்தப் பகுதிக்கு அருமையான வருடம் என்பதையும் சொல்ல வேண்டும். எல்லா வருடத்துக்கும் இதே ஆயுள் வராது.

அடுத்தது மண்ணெண்ணெய். ஆமாம், முதிர்ந்த ரீஸ்லிங்கில் மண்ணெண்ணெய் வாசம் வரும். டிடிஎன் என்ற சேர்மம்தான் காரணம். திராட்சையிலுள்ள கரோட்டினாய்டுகள் சிதைந்து உருவாவது அது. பழக்குலையில் வெயில் அதிகம் பட்டால் இதுவும் அதிகம். லேசாக இருந்தால் எனக்கு இஷ்டம், தேன் மணத்துக்கு ஒரு முதுகெலும்பு கிடைத்த மாதிரி இருக்கும். மூன்று வருடப் பாட்டிலிலேயே அது தூக்கலாக அடித்தால் அந்த ஒயினை மேலும் வைத்திருக்க மாட்டேன்.

மூடியைப் பற்றிச் சொல்லாமல் இந்த அனுபவம் முழுமையாகாது. கார்க் போட்ட பழைய பாட்டில்களில் ஒரே பெட்டியில் ஒன்று பொன்னிறமாக இருக்கும், பக்கத்தில் இருந்தது காற்று புகுந்து பழுப்பாகிப் போயிருக்கும். நனைந்த அட்டைப்பெட்டி நாற்றம் வேறு. இந்தத் தொல்லை தாளாமல் கிளேர் தயாரிப்பாளர்கள் பலர் கூட்டாகச் சேர்ந்து, 2000-ஆம் வருட ரீஸ்லிங்கைத் திருகுமூடியில் அடைத்தார்கள். திருகுமூடி என்றால் மலிவான சரக்கு என்ற எண்ணம் அப்போது பலமாக இருந்த காலம். அவர்கள் துணிந்ததன் பலனைத்தான் இப்போது அனுபவிக்கிறேன்: பாட்டிலுக்குப் பாட்டில் வித்தியாசம் அநேகமாக இல்லை. திருகுமூடியில் ஒயின் மெதுவாக முதிரும், ஆகவே காத்திருப்பும் கூடும். பாட்டிலைப் படுக்க வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது.

ஆனால் சூடு ஆகாது. இங்கே கோடையில் நாற்பது டிகிரியைத் தாண்டும். நண்பர் வீட்டுச் சமையலறை அலமாரியில் இருந்த அதே ஒயின் ஐந்து வருடத்தில் கிழடாகிவிட்டது, என்னுடையது அப்போதும் இளசாக இருந்தது. 12 முதல் 14 டிகிரியில் சீராக வைக்கும் ஒயின் ஃபிரிட்ஜ் ஒன்று போதும். அதற்கு வழியில்லை என்றால் மூன்று வருடத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

கிளேருக்குள்ளேயே வாட்டர்வேல் பக்கம் விளைவது முன்கூட்டியே இளகிக் கொடுக்கும். எட்டு வருடத்தில் திறந்தால் திருப்தி. போலிஷ் ஹில் பக்கத்து ஸ்லேட் மண்ணில் வருவது இறுக்கமானது, பத்துக்கு முன் நான் தொடுவதில்லை. முதிர்ந்ததை ரொம்பக் குளிரவைக்காமல், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துச் சற்று நேரம் வெளியே வைத்து ஊற்றுங்கள். வெண்ணெயில் வறுத்த கிங் ஜார்ஜ் வைட்டிங் மீனுக்கு அற்புதமாகச் சேரும். பழ வாசனைக்காகவே வெள்ளை ஒயின் குடிப்பவர்களுக்கு மட்டும் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். அவர்கள் இந்த வருடத்து ரீஸ்லிங்கை இந்த வருடமே குடிப்பதுதான் நல்லது.