முதல் ரோல்: கலரா, கறுப்பு வெள்ளையா?

திருகோணமலையில் பிலிம் கமரா பழக வருகிற பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது எந்தக் கமரா வாங்குவது என்றுதான். அதில் பேச அதிகம் இல்லை. பென்டக்ஸ் கே1000, கெனன் ஏஇ-1 இரண்டும் 1976இல் வந்தவை. இரண்டிலும் நல்ல படம் வரும். பழகுபவருக்கு நான் பென்டக்ஸைத்தான் சொல்வேன். பற்றரி இறங்கினால் அதில் ஒளி காட்டும் முள் மட்டும்தான் நிற்கும், ஷட்டர் தன்பாட்டில் வேலை செய்யும். ஏஇ-1 பற்றரி இல்லாமல் அசையாது.

உள்ளே போடும் ரோல்தான் பெரிய விஷயம். கலர் என்றால் கொடாக் கோல்ட் 200, கறுப்பு வெள்ளை என்றால் இல்போர்ட் எச்பி5 பிளஸ் 400 என்று வைத்துக்கொள்வோம். 200, 400 என்பது பிலிமின் வேகம்: எண் கூடினால் குறைந்த ஒளி போதும்.

கலர் நெகட்டிவ் பிழை பொறுக்கும். இரண்டு ஸ்டொப் ஒளி கூடிப்போனாலும் படம் பிழைத்துவிடும் (ஒரு ஸ்டொப் என்றால் ஒளி இரட்டிப்பாவது அல்லது பாதியாவது). எங்கள் வெயிலுக்கும் 200 தோதானது: நல்ல வெயிலில் லென்ஸின் துவாரம் எஃப் 16, ஷட்டர் 1/250 செக்கன் வைத்தால் சரி. எங்கள் ஊர் சுவாமி மலையில் நின்று கடலுக்குள்ளிருந்து சூரியன் ஏறுவதைப் பார்த்தவர் யாரும் அதைக் கறுப்பு வெள்ளையில் எடுக்க ஆசைப்படமாட்டார். 400 ரோலோடு மத்தியானம் நிலாவெளி மணலுக்குப் போனால் எஃப் 16க்கே 1/500 வேண்டும், மணலின் பளபளப்புக்கு இன்னும் ஒரு ஸ்டொப் குறைக்க வேண்டும். லென்ஸைத் திறக்க இடமே இராது. மஞ்சள் பில்டர் போட்டால் ஒரு ஸ்டொப் குறையும், நீலவானமும் கறுத்து முகில் எடுபடும்.

இவ்வளவு இருந்தும் முதல் ரோலுக்கு நான் கறுப்பு வெள்ளைதான் என்பேன். காரணம் ஒன்றே: அதை வீட்டிலேயே கழுவலாம்.

என் முதல் ரோல் கலர். பிரெட்ரிக் கோட்டைக்குள் மர நிழலில் நின்ற மான்களை எடுத்தேன். பின்னால் கடல் வெளிச்சம். கமராவின் முள் அந்த வெளிச்சத்தை நம்பியது, நான் முள்ளை நம்பினேன். ரோல் கொழும்புக்குப் போய்க் கழுவி வர மூன்று கிழமை. வந்தபோது மான்கள் வெறும் நிழல்கள். எந்தப் படத்துக்கு என்ன வைத்தேன் என்பது அதற்குள் மறந்துபோயிருந்தது, அதனால் அந்த 36 படமும் எனக்கு ஒன்றும் கற்றுத்தரவில்லை. அதே தவறைக் காலையில் செய்து பின்னேரமே நெகட்டிவில் பார்த்திருந்தால், அடுத்த நாள் கமராவை நிழலில் உள்ள புல்லுக்குக் காட்டி அளந்திருப்பேன்.

கழுவுவதில் எங்கள் ஊருக்கென்று ஒரு சிக்கல் உண்டு. கலருக்கான மருந்து 38 பாகையில் 3 நிமிடம் 15 செக்கன் நிற்க வேண்டும். எங்கள் குழாய்த்தண்ணீர் ஏற்கெனவே சூடு, அதனால் அந்தச் சூட்டை எட்டுவது லேசு. ஆனால் அரைப் பாகை பிசகினாலும் நிறம் கெடலாம், மருந்தும் ஊரில் கிடைக்காது. கறுப்பு வெள்ளைக்குக் கணக்கு 20 பாகையில், அதற்குத் தண்ணீரைக் குளிர வைக்க வேண்டும். நான் ஒரு பேசினில் ஐஸ் போட்டு, மருந்துப் போத்தலை அதில் நிறுத்தி 24 பாகைக்கு இறக்குவேன். ஐடி-11 மருந்தை ஒன்றுக்கு ஒன்று தண்ணீர் கலந்தால் எச்பி5க்கு 20 பாகையில் 13 நிமிடம், 24இல் ஏறக்குறைய 9. கலக்காமல் சூட்டிலேயே கழுவினால் நேரம் ஐந்து நிமிடத்துக்கும் கீழே போய், வானம் திட்டுத் திட்டாக வரும்.

இன்னொன்று. கழுவும் டாங்கின் சுருளில் பிலிமை இருட்டில்தான் சுற்ற வேண்டும். அதற்கு இருட்டுப் பையை (ஒளி புகாத துணிப்பை) கையில் மாட்டிச் சுற்றாதீர்கள். எங்கள் புழுக்கத்தில் கை வியர்த்து, பிலிம் பாதியில் இறுகி நின்றுவிடும். இரவில் ஜன்னல் இல்லாத அறையில், கதவு இடுக்கில் துணி அடைத்துவிட்டுச் சுற்றுங்கள். கழுவியதைக் குளியலறையில் தொங்கவிடுங்கள், ஃபேன் வேண்டாம், தூசி ஒட்டும்.

ஐந்தாறு ரோல் இப்படிப் போனால் எந்த வெளிச்சத்துக்கு எவ்வளவு என்று கண்ணே சொல்லும். அப்புறம் கலர் வாங்குங்கள். பிரிட்ஜில் வைத்திருந்தால் ஒரு மணித்தியாலம் வெளியே வைத்த பிறகுதான் உடைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஈரம் படியும். கமராவில் பிலிம் வேகத்தை 200க்குப் பதில் 100 என்று வைத்து எடுங்கள், ஒரு ஸ்டொப் ஒளி கூடும். கோட்டை நிழலில் நிற்கும் மானுக்கும் நிறம் வரும்.