மாவு, பயறு, உரித்த வெங்காயம்: ஒரு மாதச் சந்தாவுடன் எட்டு மாதங்கள்

சேலம் அஸ்தம்பட்டியில் இரண்டு அறைகளில் இயங்கும் ஒரு சிறிய கடையில், கடந்த அக்டோபர் முதல் மாதச் சந்தா கட்டிச் சிறுதானிய மாவும் நறுக்கிய காய்கறியும் வேகவைத்த பயறும் வாங்கி வருகிறேன். குறைகளையும் எழுதப் போவதால் கடையின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். இதுபோன்ற சேவைகள் நகரத்தில் இப்போது பல இடங்களில் தொடங்கப்பட்டிருப்பதால், எதற்குப் பணம் கொடுக்கலாம், எதற்குக் கொடுக்க வேண்டாம் என்று யோசிப்பவர்களுக்கு இது உதவக்கூடும்.

எங்கள் வீட்டு நிலவரத்தைச் சொல்லாமல் மதிப்பீட்டைச் சொல்வதில் பொருளில்லை. நான் வங்கியில் பணிபுரிகிறேன். மனைவி செவிலியர், அவருக்கு ஷிப்ட் வாராவாரம் மாறும். மகளுக்குப் பதினொரு வயது, மகனுக்கு ஆறு. பள்ளி வேன் காலை 7.40க்கு வாசலில் நிற்கும் என்பதால், மாதத்தில் பாதி நாட்களுக்கு மேல் காலைச் சமையல் என் பொறுப்புதான். சென்ற செப்டம்பரில் செய்துகொண்ட இரத்தப் பரிசோதனையில், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1சி அளவு 6.1 சதவீதம் என்று வந்தது. 5.7 முதல் 6.4 வரை இருந்தால் அது சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. சோற்றைக் குறைத்துக் காயைக் கூட்டுங்கள், தினமும் நடங்கள் என்று மருத்துவர் இரண்டே வாக்கியங்களில் முடித்துவிட்டார். அந்த இரண்டு வாக்கியங்களையும் நாளின் எந்த மணிக்குள் திணிப்பது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

சந்தாவின் அமைப்பு எளிது. ஞாயிறு, செவ்வாய், வியாழன் ஆகிய மூன்று நாட்களில், மாலை ஆறரைக்கும் எட்டுக்கும் இடையில் ஒருவர் இருசக்கர வாகனத்தில் பெட்டியோடு வருவார். ஒவ்வொரு முறையும் ஒரு கிலோ மாவு, கால் கிலோ அளவில் நறுக்கிய காய் இரண்டு பாக்கெட், வேகவைத்த பயறு இரண்டு பாக்கெட். மாதத்துக்கு ஒருமுறை கொள்ளுப் பொடியோ கறிவேப்பிலைப் பொடியோ தருவார்கள். நான்கு பேர் உள்ள எங்கள் வீட்டுக்கு மாதம் 3,200 ரூபாய் ஆகிறது. இத்துடன் உடற்பயிற்சிக் காணொளி ஒன்றையும் தினமும் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். நான்காம் நாளோடு அதைப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன்.

முதலில் மாவு. கடையின் பலகையிலும் துண்டுப் பிரசுரத்திலும் பெரிதாக இருப்பது அதுதான். பாக்கெட்டில் 'சிறுதானியத் தோசை மாவு' என்று அச்சிட்டிருக்கிறது. உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண்ணும் தயாரித்த தேதியும் இருக்கின்றன. எது எத்தனை பங்கு என்பது மட்டும் இல்லை. இரண்டாவது வாரம் நேரில் போய்க் கேட்டேன். அரைவை இயந்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்த அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, மறைக்காமல் பதில் சொன்னார்:

"ரெண்டு பங்கு இட்லி அரிசிங்க, ஒரு பங்கு சாமை, ஒரு பங்கு வரகு, முக்கால் பங்கு உளுந்து, கொஞ்சம் வெந்தயம். அரிசியே போடலீன்னா தோசை பிஞ்சு பிஞ்சு வருமுங்ணா. அப்புறம் புள்ளைங்க திங்காதுங்க."

அவர் சொன்னது சமையலறை நியாயம், மறுக்க முடியாது. ஆனால் தானியத்தில் சரிபாதி அரிசியாக இருக்கும் மாவைச் சிறுதானிய மாவு என்று மட்டும் எழுதி விற்பது முழு உண்மையாகாது. அதைவிடப் பெரிய சிக்கல், பிரசுரத்தில் இருக்கும் 'சர்க்கரை நோயை விரட்டும்' என்ற வரி. சாமையானாலும் அரிசியானாலும் 100 கிராமில் கிடைக்கும் ஆற்றல் ஏறக்குறைய 350 கலோரியை ஒட்டியேதான் இருக்கிறது. சாமைத் தோசை என்ற தைரியத்தில் மூன்றுக்கு ஐந்தாகச் சாப்பிட்டால், மருத்துவர் சொன்னதற்கு நேர்மாறாகத்தான் முடியும். முதல் மாதம் எனக்கு அப்படித்தான் முடிந்தது. சிறுதானியத்தின் உண்மையான நன்மை அதன் நார்ச்சத்தில் இருக்கிறது. உமியோடு தவிட்டையும் சேர்த்துத் தீட்டி, பார்ப்பதற்குப் பச்சரிசி போல வெளுப்பாக்கிவிட்டால் அதுவும் பெருமளவு போய்விடும். லீ பஜாரில் மொத்தமாக வாங்குவதாகச் சொன்ன சாமையை ஒரு கைப்பிடி எடுத்துக் காட்டச் சொன்னேன். நன்றாக வெளுத்துத்தான் இருந்தது. கொல்லிமலையிலும் கல்வராயன் மலையிலும் சாமை விளையும் மாவட்டங்களுக்கு நடுவில் இருந்துகொண்டு, இதைவிடக் குறைவாகத் தீட்டிய தானியத்தைத் தேடி வாங்குவது முடியாத காரியமல்ல.

கேழ்வரகு மாவுக்கு நான் கூடுதல் மதிப்பெண் தருவேன். வாரத்தில் ஒருமுறை, வியாழனன்று வரும் அதில் அரிசி நான்கில் ஒரு பங்குதான். 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. வெள்ளை அரிசியில் அது 10 மில்லிகிராமை ஒட்டியே இருக்கும். வளரும் பிள்ளைகள் உள்ள வீட்டில் இது ஒன்றே போதுமான காரணம். முதல் நாள் தட்டில் விழுந்த தோசையைப் பார்த்த மகன், "அப்பா, கருகிப் போச்சா?" என்று கேட்டான். சின்ன வெங்காயமும் முருங்கைக் கீரையும் தூவி, ஓரம் மொறுமொறுவென்று வரும் வரை விட்டு எடுத்த பிறகு, அந்தக் கேள்வி மறுபடி எழவில்லை.

ஏப்ரல் பாதிக்குப் பிறகு மாவின் கதை வேறு. பெட்டியில் ஐஸ் வைப்பதில்லை. சேலத்து வெயிலில் தெருத் தெருவாகச் சுற்றிவிட்டு வரும் பாக்கெட், வீட்டுக்கு வந்து சேரும்போதே பலூன் போல உப்பியிருக்கும். ஒரு செவ்வாயன்று மூலையைக் கத்தரித்ததும் நுரைத்துப் பொங்கி அடுப்பு மேடை வரை வழிந்துவிட்டது. புளிப்பும் நாக்கில் ஒட்டிக்கொள்ளும் அளவு. புகார் சொன்னதற்கு மறுநாளே வேறு பாக்கெட் கொடுத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அதன் பிறகு வந்தவுடன் பாத்திரத்துக்கு மாற்றிக் குளிர்பதனப் பெட்டிக்குள் வைத்துவிடுவது எங்கள் வழக்கமாயிற்று. அப்படியும் கோடையில் இரண்டாம் நாளுக்கு மேல் ஊத்தப்பத்துக்குத்தான் ஆகும்.

உண்மையைச் சொன்னால், மாவினால் எனக்கு நேரம் மிச்சமாகவில்லை. முன்பும் கடை மாவுதான் வாங்கினோம். நேரம் மிச்சமானது காயிலும் பயறிலும்தான், அதிலும் எல்லாக் காயிலும் அல்ல. வெண்டைக்காய் நறுக்கி வைத்துப் பாக்கெட்டில் கட்டினால் வியர்த்துப் பிசுபிசுத்துப் போகும் என்பது சமைக்கிற யாருக்கும் தெரியும். இவர்களுக்கு மட்டும் ஏனோ தெரியவில்லை. அவரைக்காயை நாரெடுக்காமல் நறுக்கித் தருகிறார்கள், அதனால் வாயிலிருந்து நாரை இழுத்துப் போட வேண்டியிருக்கிறது. கேரட்டையும் முட்டைக்கோஸையும் நறுக்க எனக்கு ஐந்து நிமிடம் போதும். அதற்கு இரட்டை விலை கொடுப்பானேன்? அஸ்தம்பட்டி உழவர் சந்தையில் ஞாயிற்றுக்கிழமை விடிகாலை போய் நின்றால், எழுதி வைத்திருக்கும் விலைக்கே அன்று பறித்த காய் கிடைக்கிறது. ஒரு ஞாயிறு இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். கடையில் கால் கிலோ நறுக்கிய பீன்ஸுக்குக் கொடுத்த பணத்தில், சந்தையில் அரைக் கிலோவுக்கு மேல் வாங்க முடிந்தது.

ஆனால் அதே கடையின் வாழைப்பூவுக்கும், உரித்த சின்ன வெங்காயத்துக்கும், உருவிய முருங்கைக் கீரைக்கும் கேட்ட விலையைக் கொடுக்கலாம். ஒரு வாழைப்பூவை மடல் மடலாகப் பிரித்து, ஒவ்வொரு பூவிலும் வேகாத நரம்பான கள்ளனை நீக்கி, நறுக்கி மோரில் போட்டு முடிக்க எனக்கு முக்கால் மணி நேரம் ஆகும். விரலில் கறுத்த கறையோடு மறுநாள் வங்கியில் பணம் எண்ண வேண்டும். கடையிலிருந்து அது மோர் கலந்த நீரில் மிதந்தபடி மூடி போட்ட டப்பாவில் வருகிறது. ஒரு கள்ளன்கூடத் தப்பியிருந்து நான் பார்த்ததில்லை. திருமணமான பன்னிரண்டு ஆண்டுகளில் இரண்டு முறை மட்டுமே செய்த வாழைப்பூப் பொரியல் இப்போது மாதம் இருமுறை செய்யப்படுகிறது. நாளொன்றுக்கு 400 கிராம் காய்கனியாவது உண்ண வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதைப் படித்துவிட்டு, எங்கள் வீட்டில் நால்வருக்குமே கால் கிலோ காய்தான் சமைக்கிறோம் என்று வெட்கப்பட்ட காலம் போய், அந்த அளவை ஓரளவு நெருங்கியிருப்பதற்கு இந்த மூன்று பாக்கெட்டுகளே காரணம்.

எல்லாவற்றிலும் சிறந்தது பயறு. கொள்ளு, தட்டைப்பயறு, பச்சைப்பயறு, கொண்டைக்கடலை என்று மாற்றி மாற்றி வருகிறது. ஊறவைத்து உப்பு மட்டும் போட்டு வேகவைத்தது. தாளிப்பு நம் வேலை. என் உணவுப் பழக்கத்தில் ஓட்டை எங்கே இருந்தது என்பதை இந்தப் பாக்கெட்தான் காட்டிக் கொடுத்தது. காலையிலும் மதியத்திலும் ஒழுங்காகத்தான் சாப்பிட்டு வந்தேன். மாலை ஐந்தரைக்கு வங்கியை விட்டு வெளியே வரும்போது எடுக்கும் பசிக்கு, வழியிலிருக்கும் தட்டுவடை செட் கடையைத் தாண்டிப் போகும் வலிமை எனக்கு இருந்ததில்லை. இரண்டு தட்டுவடைக்கு நடுவில் கேரட்டும் பீட்ரூட்டும் துருவிப் போட்டு இரண்டு சட்னி தடவித் தருவதால், அது காய்கறி உணவு என்றே பல ஆண்டுகள் என்னை நானே ஏமாற்றி வந்தேன். காலையில் கடுகும் மிளகாயும் தாளித்துக் கொட்டிய பயறை டப்பாவில் எடுத்துப்போய், ஐந்து மணிக்கு இருக்கையிலேயே சாப்பிட்டுவிட்டால் அந்தக் கடையை வண்டி நிற்காமல் கடந்துவிடுகிறது. வாரத்தில் ஐந்து செட் என்பது ஒன்றாகியிருக்கிறது. சேலத்துக்காரனாக அந்த ஒன்றை விடுவதாக இல்லை.

மிச்சமான நேரம் எங்கே போனது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இந்தச் சந்தாவுக்கு நான் கொடுக்கும் விலையில் பெரும்பகுதி அதற்குத்தான். முன்பு இரவு பத்தேகால் வரை நறுக்குவதும் உரிப்பதுமாக இருந்துவிட்டு, காலை ஆறுக்குத்தான் எழுந்திருப்பேன். இப்போது ஒன்பதரைக்குச் சமையலறை விளக்கை அணைத்துவிடுவதால், ஐந்து மணிக்கு எழுவது தண்டனையாக இல்லை. மனைவிக்கு இரவு ஷிப்ட் இல்லாத நான்கு நாட்கள், சின்னத்திருப்பதியிலிருந்து மூக்கனேரி வரை போய்க் கரையில் நடந்துவிட்டுத் திரும்ப 35 நிமிடம். ஏரியின் நடுவிலுள்ள திட்டுகளில் நீர்க்காகங்கள் சிறகை விரித்துக்கொண்டிருக்க, பின்னால் சேர்வராயன் மலையில் மேகம் இறங்கியிருக்கும் நாட்களில் நாற்பத்தைந்து நிமிடமும் ஆவதுண்டு. பெரியவர்களுக்கு வாரம் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை. நான்கு நாள் நடையும் ஞாயிறு சந்தைக்கு நடந்து போய் வருவதும் சேர்ந்து அதைத் தாண்டிவிடுகின்றன. வாரம் இருமுறை தசைகளுக்கும் வேலை வேண்டும் என்று அதே பரிந்துரை சொல்கிறது. அதற்குத் தோசைக்கல் அருகிலேயே தோப்புக்கரணம். ஒரு பக்கம் வேகும் நேரத்துக்குப் பத்து. எண்ணுவது மகன். ஏழுக்குப் பிறகு ஆறு என்று வேண்டுமென்றே பின்னால் எண்ணுவான்.

மார்ச் மாதப் பரிசோதனையில் 6.1 என்பது 5.8 ஆகியிருந்தது. அதில் மாவுக்கு எத்தனை பங்கு, நடைக்கு எத்தனை பங்கு, கைவிட்ட தட்டுவடைக்கு எத்தனை பங்கு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. பிரசுரத்தில் போட்டுக்கொள்ள இதை எழுதித் தரும்படி கடையில் கேட்டபோது மறுத்ததற்கும் அதுவே காரணம்.

இன்னும் ஒரு குறை உண்டு. ஒரு நாள் வேண்டாம் என்றால் முந்தைய நாள் காலை பதினொன்றுக்குள் சொல்லிவிட வேண்டும். ஷிப்ட் பட்டியல் மாலையில் மாறும் வீட்டில் இது நடக்காத காரியம். பிப்ரவரியில் மட்டும் இரண்டு முறை, வீட்டில் யாரும் இல்லாத நாளில் பை கதவில் தொங்கிக் கெட்டுப்போனது, பணத்தைக் கழித்துக்கொள்ளவில்லை. மே மாதம் பிள்ளைகள் ஆத்தூரில் பாட்டி வீட்டுக்குப் போனபோது ஒரு மாதச் சந்தாவை நிறுத்திவைக்க எந்தக் கேள்வியும் கேட்கவில்லை என்பதால், இது மனமில்லாமையைவிடக் கணக்கு வைத்துக்கொள்ள ஆளில்லாததால்தான் என்று தோன்றுகிறது. பொடிகளில் உப்பு அதிகம். நாளுக்கு 5 கிராமுக்குள் உப்பை வைத்துக்கொள்ள நினைப்பவர்கள் தோசைக்கு எண்ணெயோடு குழைத்துப் பூசுவதை விட்டுத் தொட்டுக்கொள்வதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஜூன் முதல் முழுச் சந்தாவை விட்டுவிட்டு, வேண்டியதை மட்டும் தனித்தனியாக எடுக்கிறேன்: வியாழன் கேழ்வரகு மாவு, மூன்று நாளும் பயறு, வாரத்துக்கு அரைக் கிலோ உரித்த சின்ன வெங்காயம், கிடைக்கும்போது வாழைப்பூவும் முருங்கைக் கீரையும். மாதம் 1,700 ரூபாய்க்குள் அடங்குகிறது. இப்படித் தனித்தனியாகவும் தருவார்கள் என்பது பலகையில் எழுதப்படவில்லை, கேட்டால்தான் சொல்கிறார்கள். வாழைப்பூவுக்கு இரண்டு நாள் முன்பே சொல்லி வைக்க வேண்டும். கொண்டலாம்பட்டிப் பக்கம் இப்போதைக்கு வண்டி போவதில்லை.