கடைமடை வரை பாயுமா? கல்லீரல் பாதுகாப்புத் திரவங்கள் இரண்டும் ஒரு மதிப்பீடும்

தஞ்சாவூரில் மூளைச்சாவு அடைந்தவரின் கல்லீரல் சாலைவழியே சென்னை போக ஏறக்குறைய 340 கி.மீ., 6 மணி நேரம். பெருந்தமனியில் கவ்வி போட்டு இரத்த ஓட்டத்தை நிறுத்தியதிலிருந்து கணக்கிட்டால், வெட்டியெடுத்துப் பொருத்துவதற்குள் 8 மணி நேரம் தாண்டிவிடும். அதுவரை கல்லீரலைக் குளிரில் கெடாமல் காக்கும் திரவங்கள் இரண்டு: யு.டபிள்யூ. (விஸ்கான்சின் பல்கலைக்கழகத் திரவம்), எச்.டி.கே. (ஹிஸ்டிடின்-டிரிப்டோஃபான்-கீட்டோகுளூட்டரேட்). எதை வாங்குவது என்பதை இந்த நேரக் கணக்கை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

யு.டபிள்யூ. கெட்டியான திரவம். லாக்டோபயோனேட்டும் ராஃபினோஸும் இருப்பதால் குளிரில் செல்கள் ஊதாது. கெட்டித்தன்மையே அதன் குறையும். கல்லீரலுக்குப் போர்ட்டல் சிரை (குடலிலிருந்து இரத்தம் கொண்டுவரும் குழாய்), தமனி என இரண்டு ஆறு; பித்தநாளத்துக்குத் தமனி ஒன்றே மதகு. நாளத்தைச் சுற்றிய நுண்குழாய் வலை கடைமடை மாதிரி, அங்கே திரவம் எளிதில் எட்டாது. இரத்தம் தங்கிவிட்டால் சில மாதங்களில் நாளம் ஆங்காங்கே சுருங்கும். பெருந்தமனி வழிக் கழுவலோடு நிறுத்தாமல், வெளியே எடுத்தபின் மேசையில் வைத்துத் தமனிக்குள் தனியாக 250 மி.லி. அளவு, அழுத்தப் பை கட்டிச் செலுத்துவது இதற்காகத்தான்.

எச்.டி.கே. பச்சைத்தண்ணீர் போல ஓடும், கழுவுவதற்கு அருமை. ஆனால் யு.டபிள்யூ.வைவிட இரண்டு மடங்குக்கு மேல் தேவைப்படும். லிட்டர் விலை மலிவு என்பது பாதி உண்மைதான். 2009-இல் வந்த அமெரிக்கப் பதிவேட்டு ஆய்வில், குளிர்நேரம் (இரத்த ஓட்டமின்றிக் குளிரில் இருக்கும் நேரம்) 8 மணி கடந்தபோது எச்.டி.கே. கல்லீரல்கள் கூடுதலாகச் செயலிழந்தன. சென்னைக்கு யு.டபிள்யூ.; திருச்சியில் எடுத்துத் திருச்சியிலேயே பொருத்தினால் எச்.டி.கே. போதும்.

எந்தத் திரவமானாலும் நாளத்துக்குள் தேங்கும் பித்தநீருக்கு அது மருந்தல்ல. பித்த உப்பு உட்சுவரை அரித்துவிடும். பித்தப்பையின் அடிப்பகுதியைத் திறந்து, நாளத்தை வெட்டி, குளிர்ந்த சலைனால் தெளிவாக வரும்வரை மெதுவாகக் கழுவ வேண்டும்; பீய்ச்சி அடிக்கக் கூடாது. நாளத்தைச் சுற்றிய திசுவைச் சுரண்டினால் அதன் இரத்த ஓட்டமே போய்விடும்.

எடுத்துச் செல்ல மூன்று பைகள்: உள்பையில் திரவத்தோடு கல்லீரல், அடுத்ததில் குளிர்ந்த சலைன், அதற்கு மேல் இன்னொன்று, பிறகே ஐஸ் பெட்டி. ஐஸ் நேரடியாகப் பட்டால் திசு உறைந்துவிடும்.

யு.டபிள்யூ.வில் பொட்டாசியம் லிட்டருக்கு சுமார் 125 மில்லிமோல். பொருத்தும்போது, இரத்தம் விடுமுன் குளிர்ந்த அல்புமின் அல்லது ரிங்கர் லாக்டேட்டால் போர்ட்டல் வழியே கழுவி எடுக்காவிட்டால், கவ்வியை அவிழ்த்த கையோடு அந்தப் பொட்டாசியத்தால் நோயாளியின் இதயம் நின்றுபோகலாம்.